பாயோடு எரிந்த சார்ட்

மைதாப் பசை காய்ச்சுகிற வாசம் வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நம் முதியோர் வகுப்பில் இந்த வருஷம் சேர்ந்தவர்கள் சார்ட் எழுதி முடித்துவிட்டார்கள். பாடம் சொல்லித்தருகிற டீச்சர் பிள்ளை பழைய குண்டானில் பசை கிண்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் மூலையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறது, மாப்ள. இந்த 'மாப்ள'வை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்துக்கொண்டேன். ஆயுசு முழுக்க உன்னைக் கூப்பிட்ட வார்த்தை, எழுதினால் இப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சிரிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் உன் மேல் கோபம்.

நாம் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். எழுத்துக்கூட்ட வந்ததும் டீச்சர் சொன்னது, "தாத்தா, ஆளுக்கொரு சார்ட் எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க. ஊரே பாக்கற மாதிரி ஒட்டுவோம்." நான் பெரம்பலூருக்கும் வேப்பந்தட்டைக்கும் போகிற பஸ் நேரத்தை எழுதினேன். "இது எந்த பஸ்சுங்க?" என்று அடுத்தவரைக் கேட்டே ஏறியவனுக்கு வேறு என்ன எழுதத் தோன்றும்? நீ சின்ன வெங்காயத்தை அழுகாமல் சேர்த்துவைக்கப் பட்டறை போடுவதை எழுதினாய்.

என் வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கின. அப்படியே ஒட்டினேன். டீக்கடைக்காரன் சத்தமாக வாசித்தான். "பெருசு, இந்தக் காலை வண்டிய நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இத நம்பி நின்னா நேரா சுடுகாட்டுக்குத்தான் போவணும்!" கடையே சிரித்தது. யாரோ பென்சிலால் அந்த வரியை அடித்தார்கள். பஸ்சுக்கு நின்ற காலேஜ் பெண் சரியான நேரத்தைப் பக்கத்தில் எழுதியது. ஒருநாள் கண்டக்டரே இறங்கி வந்து இன்னொன்றைத் திருத்தினார். இப்போது யாராவது நேரம் கேட்டால் அதே டீக்கடைக்காரன், "போய்ச் சுவத்தப் பாரேன்" என்கிறான்.

இதையெல்லாம் என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தாய். பார்த்துவிட்டு, "ஊரே உன்னப் பாத்துச் சிரிக்குது. எனக்கு வேணாம்டா. கை நேராவட்டும், அப்புறம் ஒட்டறேன்" என்றாய்.

உன் மாட்டுக்கொட்டகையில் எனக்கு மட்டும் ஒருமுறை விரித்துக் காட்டினாய். அடியில் கல், கல்லின் மேல் குச்சி, அதன் மேல் வெங்காயம், சுற்றிலும் தென்னங்கீற்று. காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று அம்பு போட்டு, மூன்று இடத்தில் 'காத்து' என்று எழுதியிருந்தாய். "சக்கரம் இல்லாத பஸ் மாதிரி இருக்குடா" என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு சுருட்டிப் பரணில் வைத்துவிட்டாய்.

உன் மகன் உன்னைக் கேலி செய்துகொண்டே இருந்தான். "என்னப்பா, கலெக்டர் பரீட்சைக்கா?" என்பான். நீ அவனுக்குப் பதில் சொல்ல மாட்டாய். என்னிடம் சொல்வாய்: "நேரா எழுதி முடிச்சுட்டு அவன் மூஞ்சிக்கு முன்னாடி விரிக்கிறேன், பாரு."

விரிக்கவில்லை. அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கருமாதி முடிந்ததும் உன் சார்ட்டைச் சுவரில் ஒட்டலாம் என்று போய்க் கேட்டேன். உன் மகன் விழித்தான்.

"பரண்ல சுருட்டி இருந்ததா மாமா? பழைய பேப்பர்னு நெனச்சேன். அப்பா பாய், தலகாணி, துணியெல்லாம் காட்டுக்கு அனுப்பினோம்ல, அதோட சேத்துப் போட்டுட்டேன். எரிச்சுட்டாங்க."

"அது உங்கப்பன் எழுதினதுடா."

"அப்பாவுக்கு எழுத வந்துச்சா?"

அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. ஊர் சிரிக்கும் என்று பயந்தாயே, ஊர் எவ்வளவு நேரம் சிரிக்கும்? பஸ் வந்தால் ஏறிப் போய்விடும். கை நேராக வேண்டும் என்று காத்திருந்தாய். என் கை இன்றைக்கும் கோணல்தான். ஆனால் சுவரில் ஒட்டியதால் என் தப்பு எனக்குத் தெரிந்தது, திருத்த ஆள் வந்தது. உன் பரணில் எலியைத் தவிர எது வந்து பார்த்தது?

பாதி எழுதிய மடலோடு நானும் எல்லோருடனும் பஸ் நிறுத்தத்துச் சுவருக்கு வந்துவிட்டேன். இப்போது கூட ஒரு அம்மா சார்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறது. "கோணலா இருக்குண்ணே. அடுத்த வருஷம் ஒட்டிக்கிறேன்."

"கோணலோடயே ஒட்டும்மா. சிரிக்க வர்றவன்தான் திருத்தியும் குடுப்பான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய் ஒட்டிவிட்டது. உன்னிடம் காட்ட முடியாத கோபம் அது.

அந்த அம்மாவின் சார்ட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. இந்த மடலை நான் திருத்தி எழுதப் போவதில்லை. பசை காய்வதற்குள் அங்கே ஒட்டிவிடுவேன். உன் மகன் பால் கேனோடு தினமும் அந்த இடத்தில்தான் நிற்பான்.

அப்பாவுக்கு எழுத வந்துச்சா என்று கேட்டானே. வந்தது. 'காத்து' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். நான் வாசித்தேன்.