வண்டியிடம் சொன்னது

9 ஜனவரி 1949, ஞாயிறு

அண்ணன் மகள் அம்சா வந்து கேட்டுவிட்டாள். பிப்ரவரி நாலாம் தேதி அவளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். வாடகைக் கார் வேண்டாமாம். "உன் வண்டிலதான் சித்தப்பா அவரக் கூட்டிகினு வரணும்" என்கிறாள்.

என் வண்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கிய சிவப்பு இரண்டு சீட்டு வண்டி. இரண்டு வருஷமாகச் சப்போட்டா மரத்தடியில் அதில் கோழி அடைகாக்கிறது. பிரேக் கிடையாது. அதைவிட, இவளுடைய அப்பன் என்னோடு பேசியும் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே வீடு, இரண்டு அடுப்பு, நடுவில் முற்றம்.

சரி என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

10 ஜனவரி

காலையில் அண்ணன் முற்றத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "செவுரே, கேட்டுக்கோ. கண்ணாலம் என் வூட்டுது. அந்த வண்டி நிக்கும்னு எனுக்கு நம்பிக்க வந்தாத்தான் வாசலத் தாண்டும்."

சுவர் கேட்டுக்கொண்டது. நானும்தான்.

12 ஜனவரி

பட்டறை விட்டு வந்து பிரேக் பைப்பை எல்லாம் கழற்றினேன். இரும்புப் பைப். மழையும் கடல் காற்றும் தின்றது போக மீதிதான் இருந்தது, கையோடு பொடிப்பொடியாக வந்தது. மூர் மார்க்கெட்டில் செம்புக் குழாய் கிடைத்தது. ரப்பர் ஹோஸ்தான் எங்கேயும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

16 ஜனவரி, காணும் பொங்கல்

ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. நான் வண்டிக்கு அடியில்.

ஹோஸ் கிடைத்துவிட்டது. குழாயை வளைத்து, வெட்டி, எண்ணெய் கசியாமல் உட்காருவதற்காக முனையைப் பூப்போல விரித்தேன். அழகாக வந்தது. அப்புறம் பார்த்தால் நட்டு தரையில் உட்கார்ந்திருக்கிறது. முனையை விரிப்பதற்கு முன் நட்டைக் கோக்க வேண்டும். பதினேழு வருஷம் பஸ் பட்டறையில் குப்பை கொட்டிய லட்சணம் இது.

அண்ணன் பீடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மதில்மேல் இருந்த காக்காயிடம் சொன்னான்: "நூல் கோக்காம தெச்சிகினு கீறான் பாரு." தையல்காரன் புத்தி. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. முனையை வெட்டிவிட்டு மறுபடி செய்தேன்.

19 ஜனவரி

அண்ணன் பேச்சை நிறுத்திய அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்கு முடியாது.

21 ஜனவரி

சரி, எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்குமுன் அண்ணன் கேட்டான்: "பிரேக்கு பாத்தியாடா?" பாத்தாச்சு என்றேன். எங்கே பார்த்தேன்? காலையில் வண்டிக்கு அடியில் தரையெல்லாம் பிரேக் எண்ணெய். துணியால் துடைத்தேன், துணியை வேலியில் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை கவனிக்கலாம் என்று விட்டுவிட்டேன். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட் திறந்தான். வாசல் சரிவில் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரைக்கும் போய்விட்டது. கல் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவன் வலது கால். தையல் மிஷின் மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "உனுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது அண்ணாத்தே."

வேலியில் கிடந்த துணியை அவன் அன்று காலையிலேயே பார்த்திருக்கிறான். இது பாஞ்சாலி அண்ணி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதுவும் சோற்றைப் பரிமாறினவனிடமே. அன்றோடு அவன் பேச்சை நிறுத்தினான். கால் நொண்டியானதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

23 ஜனவரி, ஞாயிறு

பைப் எல்லாம் பூட்டியாயிற்று. உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பக்கத்தில் திருகைத் திறந்து மூட வேண்டும். என் வீட்டுக்காரி தேவானையை உட்காரவைத்தேன். நான் மூடுவதற்குள் காலை எடுத்துவிடுகிறாள், வந்த காற்று திரும்ப உள்ளே போகிறது. "மிதிக்கிறதா வுடறதா, ஒண்ணு சொல்லுய்யா. அடுப்புல கொழம்பு கீது" என்று எழுந்து போய்விட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. பிரேக் பஞ்சு மாதிரி இருக்கிறது.

29 ஜனவரி, சனி

அரை நாள் வேலை. மறுபடி தேவானையைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தான், சீட்டில் உட்கார்ந்தான், ஸ்டீரிங்கிடம் சொன்னான்: "மிதிக்கறது எனுக்குத் தெரியும். முப்பது வருசமா அதான் பொழப்பு."

நான் படுத்துக்கொண்டு, "வண்டியே, அழுத்து" என்றேன். அழுத்தியது. "புடி." பிடித்தது. "வுடு." சொன்னபின்தான் விட்டது. தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தோம். திருகிலிருந்து பாட்டிலுக்கு விட்ட குழாயில் காற்று குமிழி குமிழியாக வந்தது, அப்புறம் குறைந்தது. வலது காலால்தான் மிதிக்கிறான்.

கடைசிச் சக்கரம். "புடி" என்று சொல்லித் திருகை மூடினேன். வாய் முந்திக்கொண்டது.

"வண்டியே, அன்னிக்குத் தரையில எண்ணெ கெடந்துச்சி. நான் பாத்தேன். தொடச்சிட்டு சும்மா இருந்துட்டேன். தெரியாதுன்னு சொன்னது பொய்."

பெடல் தளரவில்லை.

"புடிச்சிகினே கீறேன்" என்றான் அண்ணன். "வுடுன்னு சொல்லு, வேலு."

வேலு என்றான். அழுதுவிட்டேன். அடியில் படுத்திருந்தது வசதியாகப் போயிற்று.

31 ஜனவரி

வாசல் சரிவில் பத்துத் தடவை இறக்கினேன். பத்துத் தடவையும் நின்றது. அண்ணன் தன் கதவோரம் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சுவரிடமும் சொல்லவில்லை. நம்பிக்கை வந்ததா, இல்லையா?

3 பிப்ரவரி, வியாழன்

சாயந்திரம் கேட் திறந்திருந்தது, வண்டியை வெளியே எடுத்தேன். பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பாடு. மாப்பிள்ளை கழுத்தில் போட்ட மாலையின் பருமனுக்கு எனக்குக் கியர் கைக்கு எட்டவில்லை. பேண்ட் செட், பூந்தட்டுகள், வண்டியைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் எல்லாம். என் கால் பிரேக்கை விட்டு அகலவில்லை.

பெரியவர்கள் எல்லோரும் வண்டிக்கு நேர் முன்னால் வராமல் ஒதுங்கியே நின்றார்கள். அண்ணன் வந்தான். பம்பருக்கு நாலடி முன்னால் நின்று வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, "போலாம் வா" என்று கையை அசைத்தான்.

இரண்டு தெரு. நொண்டி நொண்டித்தான் நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.