இடதுபக்க ஷாஃப்ட்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் அத்தையும் நானும் நலம், என் இடுப்பைத் தவிர. அதற்கு என்ன ஆயிற்று என்பது கீழே வரும். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் பேசியபோது உனக்கு இருமல் இருந்தது. கேட்டால் இல்லை என்றாய். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இந்த விஷயத்தைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம், போனில் நீ நடுவில் புகுந்து இரண்டு இனிமையான வார்த்தை சொல்வாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. உட்கார்ந்து முழுவதையும் படி.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து நம் ஜீப்பை எடுத்துப்போவதாக ஏற்பாடு செய்திருந்தாய். ஓடாத வண்டி எதுக்கும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கணும் என்று நீ கேட்டது நியாயமாகத்தான் பட்டது, நானும் தலையாட்டினேன். ஆனால் ஒன்று மட்டும் எட்டு மாதமாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. வண்டி நின்றுபோன அன்று நம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, டிஃபரன்ஷியல் போயிடுச்சும்மா, ஆயில் மாத்தாம ஓட்டியிருக்கீங்க, பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு, இதுக்கு இப்ப பார்ட் எங்கயும் கிடைக்காது என்றான். பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற பல்சக்கரப் பெட்டியைத்தான் சொன்னான். ஆயில் மாற்றாமல் ஓட்டினேனாம், நான்! முப்பத்தேழு வருடம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். உன் அப்பாவுக்குக் கடைசிவரை ஓட்டத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக், பிரேக் என்று சொல்லத்தான் தெரியும். எந்த மாதம் எந்த எண்ணெய் மாற்றினேன் என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். வண்டி நிற்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவன் பட்டறையிலேயே டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றியது. அவனிடம் அப்போதே நோட்டை நீட்டியிருப்பேன், நீ போனில் விடும்மா, விடும்மா என்றாய், விட்டேன். இரும்புக்காரர் வருவதற்குள் அந்தத் தேய்ந்த பல்லை என் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, அது உனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உன் அப்பாவின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். சிரிக்காதே. கான்வென்ட்டில் எங்கள் பள்ளி வேனை ஓட்டிய சிஸ்டர், அங்கியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வேனுக்கு அடியில் போவார், பெரிய வகுப்புப் பெண்கள் நாங்கள் நாலுபேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது, எண்ணெய் ஊற்றுகிற துளையைத் திறந்த பிறகுதான் வடிக்கிற துளையைத் திறக்க வேண்டும் என்பது. மேலே உள்ளது துரு ஏறிக் கழலாமல் போய், கீழே மட்டும் வடித்துவிட்டால் வண்டி வெறும் வயிற்றோடு நின்றுவிடும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, ஆட்டிப் பார்த்து, ஒரு அட்டையை விரித்து அதன்மேல் படுத்து உள்ளே நகர்ந்தேன். மேல்மூடி லேசாகத் திருகியதுமே கழன்றுவிட்டது. பிறகு கீழே திறந்தேன். எண்ணெய் ஊற்றிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வந்தது, அடியில் வைத்த பேசினின் தரை தெரிகிற தெளிவு. மூடியின் முனையில் ஒரு காந்தம் உண்டு, உடைந்த இரும்புத்தூள் எல்லாம் அதில்தான் ஒட்டும். ஒரு விரல்நுனி சாம்பல் பசை, அவ்வளவுதான். எந்த நல்ல வண்டியிலும் அது இருக்கும். பின்மூடியின் பத்து போல்ட்டையும் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் புதுப் பாத்திரம்போல் பளபளக்கிறது.

அப்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை, புரளவும் முடியவில்லை. முகத்துக்கு ஒரு சாண் மேலே இரும்பு. உன் அத்தையைக் கூப்பிட்டேன். அவள் உள்ளே டிவியை ஊருக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றேகால் மணி நேரம் அப்படியே கிடந்தேன். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் திறந்து வைத்த டிஃபரன்ஷியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை எட்டியது, பெரிய பல்சக்கரத்தை மெதுவாகத் திருப்பினேன். வலதுபக்கச் சக்கரம் அசையவே இல்லை. இடதுபக்கத்துக் குட்டிப் பல்சக்கரம் மட்டும் எதையும் இழுக்காமல் வெறுமனே சுற்றியது. டார்ச்சை அங்கே திருப்பினேன். வலதுபக்கத்துத் துளையில் சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின், அதாவது ஆக்சில் ஷாஃப்ட்டின், முனை தெரிகிறது, இடதுபக்கத்தில் ஒன்றுமில்லை, ஒரே இருட்டு. டிஃபரன்ஷியலின் குணம் அப்படித்தான். வளைவில் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய அளவு பிரித்துக்கொடுக்கும், ஆனால் ஒரு பக்கம் பிடிப்பே இல்லாமல் போனால் சுழற்சி முழுவதும் அந்தப் பக்கமே ஓடிவிடும். மறுபக்கம் நல்ல சக்கரம் அப்படியே நிற்கும். என்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. தேயவுமில்லை, உடையவுமில்லை. யாரோ ஷாஃப்ட்டை உருவி எடுத்திருக்கிறார்கள்.

டிவி நிகழ்ச்சி முடிந்து உன் அத்தை தேடிக்கொண்டு வந்தாள். என் காலைப் பார்த்து முதலில் அலறினாள். பிறகு, ஐயோ அண்ணி, எழுபத்துநாலு வயசுல வண்டிக்கடியில என்ன குடும்பம் நடத்துறீங்க என்று கேட்டாள். கேள்வியெல்லாம் அப்புறம், அட்டையப் பிடிச்சு இழு என்றேன். நீங்க குண்டா, நான் ஒல்லியா, எங்கேர்ந்து இழுக்கறது என்று முணுமுணுத்தபடி இழுத்தாள். பாதி தூரம் வந்ததும், வண்டில ஷாஃப்ட்டையே காணோம்டி என்றேன். அவள் மூச்சுவாங்கிக்கொண்டே, காணோம்னா திருடனா வந்தான், பத்திரமாத்தான் இருக்கு என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தான் சொன்னது உறைத்தது. அட்டையை விட்டுவிட்டாள். நான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். உங்க பையன்தான் சொன்னான் அண்ணி, உங்ககிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான், நான் என்ன பண்ணுவேன். ஷாஃப்ட் அவள் கட்டிலுக்கு அடியில், என்னுடைய பழைய போர்வையில் சுற்றி இருந்தது. எட்டு மாதமாக அந்த அறையை நான்தான் பெருக்குகிறேன். அது என்ன மூட்டை என்று கேட்டதற்கு மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற கல் என்று சொன்னவள் அவள்.

மெக்கானிக்கை வரச்சொன்னேன். வந்து வாசலிலேயே நின்றான். இடதுபக்கச் சக்கரத்தின் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். ஷாஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெயின்ட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி முடுக்கி வைத்திருந்தான். வெட்டியது கோணல், அதையும் சொன்னேன். அவன், தம்பி போன்ல ரொம்ப கெஞ்சினாரும்மா, அம்மாகிட்ட ஓட்ட வேணாம்னு நேரா சொன்னா அடுத்த நிமிஷமே வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்கன்னாரு, நீங்க அப்படித்தானேம்மா என்றான். பொய் சொன்னாலும் ஆயில் மாத்தலைன்னு சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இப்போது உனக்கு. இந்த எட்டு மாதத்தில் காய்கறி வாசலுக்கு வந்தது, மருந்து வந்தது, ரத்தம் எடுக்க ஆள் வந்தது, நூலகத்துப் புத்தகம்கூடப் பையில் வந்து தொங்கியது. என் பிள்ளை அங்கே இருந்தபடியே எல்லாம் பார்த்துக்கொள்கிறான் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வெளியே போக ஒரு காரணம்கூட மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொண்டாய் என்பது வண்டிக்கு அடியில் கிடந்தபோதுதான் புரிந்தது. போன மாதம் கேட்டைத் தாண்டியது இரண்டே முறை, இரண்டும் குப்பை போட. வராந்தாவில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பதினாலு அடி. தினமும் அறுபது நடை நடக்கிறேன். இதற்கு உனக்கு நான் நன்றி வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைப் பூட்டியிருந்தால் தட்டியிருப்பேன். நீ பூட்டைக் கண்ணில் காட்டவே இல்லை.

புதன்கிழமை இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஷாஃப்ட்டைத் துடைத்து, எண்ணெய் கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்து, நானே மாட்டினேன். எண்ணெய் துளையின் விளிம்புவரை ஊற்றினேன். வியாழக்கிழமை காலை வண்டியை எடுத்தேன். உன் அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணி வேணாம், அண்ணி வேணாம் என்றாள். முக்கு வரை போனேன், சுற்றிக்கொண்டு பாலம் வழியாகத் திரும்பி வந்தேன். ஒரு சத்தம் இல்லை. கியர், கண்ணாடி, சைகை, எல்லாம் முன்புபோலவே. வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன், ஆனால் சந்தோஷமாக இல்லை. ஏன் என்றால் அன்றைக்கும் ஓட்டுவதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

எந்த நாளைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். வண்டி நிற்பதற்கு முந்தின வாரம், கண்ணாடி வாங்கப் போகிறேன் என்று புறப்பட்டு, உன் பழைய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன் என்று போனில் உன்னிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்தேன். அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வழிதவறிப் போனேன் என்றேன். அப்படி இல்லை. வாட்ச்மேன் வந்து யாரைக் கூட்டிட்டுப் போகணும்மா என்று கேட்டார். ஆறாம் வகுப்பு, என் பையன், இன்னும் மணி அடிக்கலையா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்த பிறகுதான் நீ நாற்பத்தாறு வயது ஆள் என்பது நினைவுக்கு வந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே நீ செய்தது தப்பு என்று முழுவதாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கோபப்பட்டுக் கத்தக்கூட இடமில்லாமல் செய்துவிட்டாய்.

ஆனால் என்னிடம் கேட்டிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சாவியைக் கொடுத்திருப்பேன். கொடுத்திருக்க மாட்டேனோ என்னவோ, அதையும் நேர்மையாகச் சொல்கிறேன். ஆனாலும் அது நமக்குள் நடந்திருக்கும். உன் அத்தையின் கட்டிலுக்கு அடியில் நடந்திருக்காது.

இரும்புக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நீ வருகிறவரை வண்டியைத் தொடமாட்டேன், இது என் வார்த்தை. டாக்டரிடம் நானே நேரம் வாங்கியிருக்கிறேன், தலையைப் படம் எடுக்கச் சொல்லி. வாடகை வண்டியில் போய்க்கொள்வேன், வீட்டுக்கு யாரையும் அனுப்பாதே. அவர் என்ன சொன்னாலும் அப்படியே உனக்கு எழுதுவேன். அதற்குப் பிறகும் ஷாஃப்ட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், நீ வந்து, என் எதிரில் நின்று, காரணத்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உன் கையால் கழற்று. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

உன் அத்தையைத் திட்டிவிடாதே, அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகளுக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்த வாரமும் வேண்டிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இருமலுக்கு மருந்து சாப்பிடு. ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கிற போல்ட் ஆறையும் வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கமாக முடுக்கியிருக்கிறேன், சுலபமாகக் கழலாது. நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அம்மா