அந்த அலமாரிக்குப் பூட்டு கிடையாது

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம்தான், உன் நாவலில் மூன்றாம் அத்தியாயத்திலேயே மாடிப்படியில் உருண்டு செத்துப்போன அப்பன்காரன் இதைவிடச் சுகமாக இருக்க முடியாது. புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பயந்தும் போனேன், அந்தப் பெண் குழந்தை சுவரைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் எழுந்து போய் விளக்கைப் போட்டேன், பட்டப்பகலில். நம் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது உன் பேச்சுதான். மருந்துக்கடைக்காரர் எழுத்துத் தெரியவில்லை என்று புதுக் கண்ணாடியே போட்டுக்கொண்டு போனார், படித்து முடித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படி சார் இத்தனை வருஷம் அந்தம்மாகூட இருந்தீங்க?” என்று கேட்டார். அது கதை சார் என்றேன். “கதைதான், கதைதான்” என்று என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவும் படித்தாள். முதலில் ஒரே சிரிப்பு. நாவலில் வரும் தாய் பெற்ற பெண்ணை அலமாரியில் அடைத்து வைப்பதும், விழுந்த பால் பற்களைச் சீசாவில் போட்டுக் குலுக்கிப் பார்ப்பதும் அவளை உறுத்தவே இல்லை, தொட்டியில் பாத்திரம் கழுவாமல் கிடந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் கோபம். “எவ வீட்டுலயோ பார்த்துட்டு என் தலையில கட்டிட்டா” என்றாள். அவளிடம் பகலில் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களில் எதிர்வீட்டு டீச்சர் மட்டும் தன் பையனை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பதிலாக மாடிவீட்டுக்காரர் தன் இரட்டைப் பெண்களைக் கொண்டுவந்து விட்டார், இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம், அம்மாவைப் பார்த்தால் அடங்கிவிடுமாம். வந்த முதல் நாளே அந்த வாண்டுகள் அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றன.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது. போன வாரம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, “ஏங்க, நான் நிஜமாவே அவளை அலமாரியில வெச்சுப் பூட்டினேனா?” என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, வாரத்துக்கு ஒரு தடவை பூட்டுவாய் என்றேன், என் வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியுமே. அவள் சிரிக்கவில்லை. நம் பழைய வீட்டு அலமாரிக்குப் பூட்டே கிடையாதே என்று சொன்னேன். “பூட்டு இல்லாட்டி என்ன, நாற்காலியைச் சாத்தி வெச்சிருப்பேன்” என்றாள். நாற்காலி உன் புத்தகத்தில் எங்கேயும் வரவில்லை, மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ எழுதாமல் விட்டதை எல்லாம் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். ஆறு வயதில், முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு நீயேதான் அந்த அலமாரிக்குள் போய்க் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாய். நான் கடையிலிருந்து வந்தபோது அம்மா வெளியே தரையில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாக வாழைப்பழத்தை விண்டு விண்டு நீட்டிக்கொண்டிருந்தாள், நீ பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாய். கண்ணால் பார்த்தவன் நான். அதைச் சொன்னேன். “அது நீங்க பார்த்த அன்னிக்கு. மத்த நாள்ல நீங்க கடையிலதானே இருந்தீங்க?” என்று கேட்டாள். ஆமாம், கடையில்தான் இருந்தேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சரிபார்த்தவன், என் வீட்டு விஷயத்தில் சாட்சி சொல்ல லாயக்கில்லாமல் நிற்கிறேன்.

இப்போது வீட்டில் ஒரு கதவையும் சாத்த விடுவதில்லை. தச்சரை வரவழைத்து அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றிவிட்டாள், என் உள்பனியன்கள் வருகிறவர் போகிறவர் பார்க்கக் கிடக்கின்றன. குளிக்கப் போனால் ஆள் இருக்கிறது என்று தெரிய நான் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், என் பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். சிரிக்கத்தான் எழுதுகிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று இரட்டையரில் சின்னவள் தடுக்கி விழுந்து அழுதாள், அம்மா தூக்கவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று என்னைத் தூக்கச் சொன்னாள். இந்த மாதத்தோடு குழந்தைகளைப் பார்ப்பதை விட்டுவிடப் போகிறாளாம். அவள் குழந்தைகள் இல்லாமல் எப்படி இருப்பாள்? எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது, உன் புத்தகம் கொடுத்த பயமெல்லாம் இதன் கிட்டேகூட வராது. கடையிலிருந்து போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் அழுதுவிடுவேன், வாடிக்கையாளர்கள் முன்னால் நன்றாக இருக்காது.

நீ எழுதியது தப்பு என்று சொல்ல மாட்டேன். அம்மாவை நினைத்து எழுதவில்லை என்றும் தெரியும். ஆனால் அவளுடைய பச்சைப் பூப்போட்ட நைட்டியையும், மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கிற பார்வையையும் எடுத்து அந்தப் பேய்க்கு மாட்டிவிட்டாயே, வேறு உடுப்பா கிடைக்கவில்லை? அடுத்த நாவலுக்கு ஆள் வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு உட்காராதே, கண்ணுக்கு ஓய்வு கொடு, பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீ இன்னும் நிறைய எழுத வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் பிறந்த நாளுக்கு அம்மா போன் செய்யும்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள், என் காதில் விழுகிறது. நீ இளகின மனசுக்காரி, அவள் குரல் கொஞ்சம் கம்மினாலே “பரவாயில்லம்மா, அதெல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டேன்” என்று சொல்லிவிடுவாய். நீ மன்னித்துவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும் வாலு. கோபப்படு, கத்து, போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடு. அப்பா கெஞ்சிக் கேட்கிறேன், அவளை மன்னித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா