பதாகையில் முளைத்த மீசை

கல்முனைக் கரையோரத்துப் பெருமக்களே! அழகுராணி ஒருத்திக்கு மீசை முளைக்கவைத்த அநீதியைக் கேளுங்கள்!

பார்த்தாயா தங்கச்சி, உனக்கு மடல் எழுத அமர்ந்தாலும் எனக்கு ஒலிவாங்கியின் முன் நிற்கும் நினைப்புத்தான். ஆனால் என் சினத்துக்குக் காரணம் உண்டு. இன்று மாலை உன் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம். நம் ஊர்க் கலைமன்ற வாசலில் கட்டியிருக்கும் புதுப் பதாகையில் மை வாசம் இன்னும் போகவில்லை. அதில் உன் பழைய அடையாள அட்டைப் படம்: எண்ணெய் வைத்து வாரிய தலை, அரும்பு மீசை. நீ ஆண்டுக்கணக்கில் போராடி ஒழித்த அந்த மீசையை ஒரு முழ நீளத்துக்குப் பெருப்பித்து வைத்திருக்கிறார்கள்.

செயலாளரைப் பிடித்தேன்.

"ஐயா, ஐசியில உள்ள படந்தானே சட்டப்படி சரி?"

இனி எந்த அரசாங்கக் கந்தோரில் நீ அடையாளத்தை நிறுவப்போகிறாய்?

அக்கரைப்பற்று மண்டபத்தில் நடந்த திருநங்கையர் அழகுராணிப் போட்டி நினைவிருக்கிறதா? தொகுப்பாளன் நான். உரைகளின்றி நம்மவர் எதையும் தொடங்குவதில்லை. ஆகவே அழகியர் எண்மரையும் குதியுயர்ந்த காலணிகளோடு மேடையில் நிறுத்திவிட்டு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன்னாடை. கடைசியில் என் சிறப்புரை. பெண்மையின் பொறுமை குறித்து நான் முழங்கிக்கொண்டிருந்தபோது உன் காலணிக் குதி மேடைப் பலகை இடுக்கில் இறங்கியது. உன் நீண்ட அங்கியைத் தைத்த தையற்காரக் காக்கா முன்வரிசையிலிருந்து பதறினார்.

"புள்ள, இழுக்காத! தையல் விட்டிரும்!"

நீ குனிந்து காலணிகளைக் கழற்றினாய். அவற்றைக் கையில் பிடித்தபடி வந்து என் ஒலிவாங்கியை வாங்கினாய்.

"அண்ணன், உங்கட பேச்சு நல்ல வடிவு. நாங்க வந்தது எங்கட வடிவக் காட்ட. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மண்டபம் அதிர்ந்தது. என் நாவுக்கு ஒருநாளும் வாய்க்காத கைதட்டல் அது. வெறுங்காலோடு நடந்தே முடிசூடினாய். காக்கா கண்ணைத் துடைத்தார். அங்கி கிழியாத மகிழ்ச்சி என்று பிறகு சாதித்தார்.

அன்று மேடையில் எடுத்த படம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை என்னிடம் தந்தாய். சூடிய முடி சற்றே சாய்ந்திருக்க, கையில் காலணிகளோடு, சிரித்தபடி நீ.

"எங்கட வீட்டுச் சுவரில இதுக்கு ஆணி இல்ல அண்ணன். நீங்க வெச்சிருங்க."

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. அன்று முதல் அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. காய்ச்சலில் நீ கண்மூடிய நாளிலும் இருந்தது.

மன்றத்தாரே! அந்தப் பதாகையை இறக்குங்கள். இந்தப் படத்தை ஏற்றுங்கள். ஆணியும் சுத்தியலும் நான் கொண்டுவருகிறேன். மறுத்தால், மீசை இறங்கும்வரை உங்கள் வாசலில் நின்று பேசுவேன். நான் எவ்வளவு நேரம் பேசக்கூடியவன் என்பதைக் காக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்குங்கள், இப்போதே!