வலி இல்லாத கண்

திண்டிவனம்
செவ்வாய்க்கிழமை

விழுப்புரத்தில் கண் மருத்துவமனை நடத்தும் டாக்டர் சீனுவாசனுக்கு,

வணக்கம். பேசாமல் இருந்தது போதும். பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஒருவன் நான். நீ பரிசு வாங்கியபோதெல்லாம் கை தட்டாதவன். உனக்கு அந்த அடையாளம் போதும்.

சில மாதங்களுக்கு முன் கண்ணாடி மாற்ற உன் மருத்துவமனைக்கு வந்தேன். பளிங்குத் தரை, மீன் தொட்டி, சுவரில் உன் ஆளுயரப் படம். படத்தில் நீ கண்ணாடி போடவில்லை. வியாபாரத்துக்குக் கெடுதல் போலும்.

எனக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் நின்றார். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவர். உன் வரவேற்பு மேஜைப் பெண் எல்லாரிடமும் கேட்பது ஒரே கேள்வி: "வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்லீங்க. இடது கண்ணுல மின்னல் வெட்டினாப்ல இருந்துச்சு. இப்போ ஓரமா கருப்பா திரை தொங்குது."

"வலி இல்லன்னா அவசரம் இல்ல. ஸ்கேன் எல்லாம் ஃபுல்லு. அடுத்த வாரம் வாங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒப்பந்தக்காரர் துரைக்கண்ணு இமையில் கட்டியோடு வந்தார். "ஐயோ, உசுரு போவுதே! டாக்டருக்கு போனைப் போடு, ஜல்தி!" உடனே உள்ளே அழைத்து ஸ்கேன் எடுத்தார்கள். இமைக்கட்டிக்கு விழித்திரை ஸ்கேன் எடுத்த மேதை நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

மின்னல் வெட்டித் திரை தொங்கினால் விழித்திரை பிரிகிறது; அப்போது வலிக்காது. இதை நான் உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அவர் வந்தபோது திரை முழுக்க இறங்கியிருந்தது. "ஏம்மா முன்னாடியே வரல?" என்று கேட்டாயாம். அவரும் "தப்புதாங்க" என்றாராம். புதுச்சேரிக்கு அனுப்பினாய். அந்தக் கண் போய்விட்டது. உனக்கு அவர் முகம்கூட நினைவிருக்காது.

வலது கண்ணிலும் விழித்திரை மெலிந்திருக்கிறதாம். மின்னல் தெரிந்தால் அன்றே ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று புதுச்சேரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் அந்த ஸ்கேன் இயந்திரம் உன்னிடம்தான் இருக்கிறது. ஒருநாள் அவர் ஓடிவருவார். எந்த நாள் என்று அவருக்கே தெரியாது. "சும்மானாச்சும் வலிக்குதுன்னு சொல்லும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லாத வலிய எப்டிங்க சொல்றது?" என்கிறார்.

என் பெயரைப் போட்டால், 'நம்ம கூட்டாளியோட ஆளு, உடனே அனுப்பு' என்று மேஜைக்குச் சொல்லிவிடுவாய். அவர் உள்ளே போவார். முகையூரிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் அதே மேஜை வலிக்கிறதா என்று கேட்கும். உதவி செய்தவன் என்ற பெருமையும் உனக்குச் சேரும். அதைத் தர எனக்கு மனமில்லை.

அவர் பெயரையும் எழுதவில்லை. இனி வலி இல்லை என்று சொல்லும் ஒவ்வொருவரும் அவராக இருக்கலாம். எல்லாரிடமும் "கண்ணுக்கு என்ன தெரியுது?" என்று கேட்கச் சொல்.

உன் கண்கள் கடைசிவரை நன்றாக இருக்கட்டும். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.