கதவுக்குப் பின்னால் ஜெனியின் நைட்டி

வியாழன்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. காசிமேட்டில் இன்று சங்கரா மீன் மட்டும். மதியத்துக்குள் கூடை காலி.
வீட்டுக்கு வந்தால் மருமகள் ஜெனி பெட்டி கட்டுகிறாள். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைக்காக எடுத்த லீவு இன்னும் பாக்கி. எல்லையில் சண்டையாம், உடனே வரச் சொல்லி போன்.
"இன்னா கேப்டன், துப்பாக்கி எங்க?"
"எனக்கு ஊசிதான் குடுப்பாங்க அத்தை."
"அதாலயே குத்து."
சிரித்தாள். பிறகு பேத்திக் குட்டிக்குப் பால் கொடுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வெள்ளி
சென்ட்ரலில் ரயில் ஏற்றியாயிற்று. அவள் விட்டுப்போனவை: சீப்பு, பவுடர் டப்பா, கதவுக்குப் பின்னால் தொங்கும் நைட்டி, எட்டு மாதக் குட்டி.
கஞ்சி இரண்டு வாய். பால் மட்டும் வேண்டாமாம். பாட்டில், சங்கு, ஸ்பூன், எதில் கொடுத்தாலும் என் முகத்தில் துப்புகிறாள். குறி தப்புவதே இல்லை.

சனி
இரவெல்லாம் அழுகை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாபாரத்துக்குப் போகவில்லை.
எதிர்வீட்டு ரோசி எட்டிப் பார்த்தாள். "புள்ள ஆத்தா வாசனைய தேடுதுக்கா. அவ போட்ட துணி எதுனா கீதா?"
துவைக்காத அந்த நைட்டியை மாட்டினேன். என் உடம்புக்கு அது தலையணை உறை. குட்டி மூக்கை வைத்துத் தேடினாள். இடையில் பாட்டிலை நுழைத்தேன். பாதி காலி! மாதாவே.
மகன் வின்சென்ட் உள்ளே வந்தான். "இன்னாமா கோலம் இது?"
"உன் பொண்டாட்டிடா. காபி போடட்டா?"
ஓடியே போய்விட்டான்.

ஞாயிறு
மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் கொடியில் நைட்டி. சோப்பு வாசனை தெரு முனை வரை. கல்யாணமாகி இன்றுதான் வின்சென்ட் முதல்முதலாகத் துணி துவைத்திருக்கிறான்.
"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு தான்மா..."
திட்ட வாய் வரவில்லை. குட்டி மறுபடி குடிக்கவில்லை.
சாயங்காலம் ஜெனி போன். அங்கே விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்களாம். அடிபட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம்.
"குடிச்சாளா அத்தை?"
"நேத்து குடிச்சா. இன்னிக்கி இல்ல."
"எனக்குப் பால் கட்டிக்கினு ஒரே வலி. பாத்ரூம்ல போய் பீச்சி ஊத்திட்டு வர்றேன்."
எனக்கு ஒரு கிண்டலும் தோன்றவில்லை.

திங்கள்
புழுக்கம். வேறு வழியில்லை, குட்டியை ரோசியிடம் விட்டுவிட்டு மீன் விற்கப் போனேன். திரும்பியதும் கைகால் கழுவக்கூட விடாமல் என் மேல் தாவினாள். அழுக்குச் சேலை, செதில் ஒட்டிய கை, மீன் வாடை; அதிலேயே மூக்கைப் புதைத்தாள். அப்படியே பாட்டிலை வைத்தேன். முழுதும் குடித்தாள்! நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.
ரோசி: "இனி உன் மருமவ கவலையில்லாம வேல பாப்பா."
கொஞ்ச நேரத்தில் ஜெனியே போன். "குடிச்சாளா?"
"குடிச்சா. முழு பாட்டில்."
"ஓ..." என்றாள். அப்புறம் மெதுவாக, "என்னைத் தேடலையா அத்தை?"
"தேடாம? அழுதுகினேதான் குடிச்சா."
"ரொம்பவா?"
"ரொம்ப. வூடே ரெண்டாயிடுச்சு."
பெருமூச்சு விட்டாள். "பாவம்," என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.
குட்டி என் தோளில் ஏப்பம் விட்டாள்.