அத்தை எனக்கு வாங்கிய பாட்டில்

அத்தை,

நேற்று கொழும்பு போய்வந்த நண்பர் ஒருவர் கேன்டீன் மேசையில் ஒரு பையை வைத்தார். விமான நிலைய வரியில்லாக் கடையில் ஒட்டித் தரும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை. உள்ளே சாக்லேட்தான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உங்கள் சர்ச் பங்குக்காரர்களோடு இலங்கைக்கு, மடு மாதாவைப் பார்க்க நீங்கள் கிளம்பியபோது, பெட்டி தூக்க என்னையும் கூட அனுப்பினாள் உங்கள் மகள். திருநெல்வேலி இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாளே என்று இரண்டு வருடம் என்னோடு நீங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து ஒருநாள் சிவந்த கண்ணோடு வடக்குத்து ஊரில் உங்கள் வீட்டுக்கு வந்தவனைக் குடிகாரன் என்றே முடிவு கட்டியிருந்தீர்கள். நீங்களோ பங்கில் மதுவிலக்குச் சங்கத் தலைவி.

திரும்பும் நாள், கொழும்பு விமான நிலையத்தில் "மிட்டாய் வாங்கினு வரேன்" என்று வரியில்லாக் கடைக்குள் போனீர்கள். வரும்போது முந்தானைக்குள் ஏதோ இருந்தது. விமானம் ஏறும் வாசலில் பாஸ்போர்ட் கேட்டார்கள். உங்கள் முகம் வெளுத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதையும் கடைப் பைக்குள் போட்டு ஒட்டவிட்டிருந்தீர்கள்!

"ஊரு போற வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே" என்று பையைத் தூக்கிக் குலுக்கினீர்கள், பாஸ்போர்ட் தானே திறந்து உங்கள் படத்தைக் காட்டிவிடும் என்று. அது திறக்கவில்லை. பக்கத்திலிருந்த விஸ்கி பாட்டில்தான் பங்கு மொத்தத்துக்கும் தரிசனம் தந்தது.

ஃபாதர் மெல்லக் கேட்டார்: "யாருக்கும்மா இது?"

"மாப்ளைக்குங்க ஃபாதர். அவருக்குன்னு நான் ஒண்ணுமே வாங்கித் தந்ததில்ல. அவருக்குப் புடிச்சது இதானே."

அத்தனை கண்ணும் என்மேல். ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாதவன் நான். அதைச் சொன்னால் உங்கள் முகம் என்னவாகும்?

"நான்தான் கேட்டேன், ஃபாதர்" என்று பையைக் கிழித்துப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

விமானத்தில் முதல்முறையாக என் கையைப் பிடித்தீர்கள். "அளவா குடிங்க. வூட்லயே வச்சு குடிங்க."

அதன்பிறகு, நீங்கள் எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வரும் நாளெல்லாம் முன்கூட்டியே வாஷ்பேசினில் இரண்டு மூடி ஊற்றிவிடுவேன். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அளவாத்தான் குடிக்கிறாரு, நல்ல புள்ள" என்று மெச்சுவீர்கள். உங்கள் மகள் சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓடுவாள். உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். அதற்குள் என் தட்டில் இன்னொரு மீன்துண்டு விழுந்திருக்கும்.

உங்களை அடக்கம் செய்த அன்று, கல்லறை வாசலில் ஃபாதர் என் தோளில் கைவைத்தார். "துக்கம்னு ரொம்பக் குடிச்சிடாதப்பா."

"சரிங்க ஃபாதர்" என்றேன். பங்கில் இன்றுவரை நான் குடிகாரன்தான். நீங்கள் வாங்கித் தந்த பெயர். மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை, அத்தை.